உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

என் மகளுக்கு ஏழு வயது. போன வருடம் மூன்று வாரங்கள் அவளுக்குத் தெரியாமல் அவளுக்கு ஆட்டுக்கறி கொடுத்தேன். கொத்துக்கறியைக் கடலைப்பருப்போடு சேர்த்து அரைத்து, சோம்பும் கறிவேப்பிலையும் தூக்கலாகப் போட்டு, ஆவியில் வேகவைத்து, பருப்பு உருண்டைக் குழம்பு என்று சொல்லித் தட்டில் வைத்தேன். அவள் சாப்பிட்டாள். "நல்லா இருக்குப்பா, இன்னொண்ணு" என்றாள். அதைக் கேட்டபோது எனக்குக் குற்றவுணர்வு எதுவும் இல்லை. ரொம்ப நாளாகத் தீராத ஒரு பக்கைச் சரிசெய்து புரொடக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாயும்போது வருமே ஒரு நிம்மதி, அதுதான் வந்தது.

அந்த நிம்மதியில் என்ன தவறு என்று இப்போது ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தவறு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஏன் தவறு என்பதுதான் லேசில் பிடிபடவில்லை.

*

முதலில் அவள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பருப்பும் நெய்யும் போட்ட சாதம், இட்லிப் பொடி தொட்ட தோசை, அப்பளம், வாழைப்பழம், பால், பிஸ்கட். ஒருமுறை எக்ஸெலில் பட்டியல் போட்டுப் பார்த்தேன். பதினான்கு வரிசை வந்தது. அதிலும் மூன்று பிஸ்கட். கறி, மீன், முட்டை மூன்றும் கிடையாது. கத்தரிக்காய், வெண்டைக்காய், காளானும் கிடையாது. காரணம் கேட்டால் கறிக்கு "நார் நாரா இருக்கு", முட்டைக்கு "நாத்தம்", வெண்டைக்காய்க்கு "கொழகொழ". காளானுக்குக் காரணமே இல்லை. "அதப் பாரேன்ப்பா" என்பாள்.

கவனிக்க வேண்டியது, இதில் ஆடு எங்கேயும் வரவில்லை. ஆடு பாவம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கொசு பேட்டை எடுத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்கு பால்கனியில் நின்று, ஒவ்வொரு 'பட்' சத்தத்துக்கும் எண்ணிக்கை சொல்கிறவள் அவள். அவளுடைய சைவம் கருணையிலிருந்து வந்ததில்லை. நாக்கிலிருந்து வந்தது.

எங்கள் வீடு இப்படிப்பட்ட வீடு இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வளர்ந்தவன் நான். அப்பாவின் சம்பளத்தில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் பெரிய விஷயம். அரைக்கிலோ கறியில் ஆறு பேர் சாப்பிட வேண்டும். அம்மா ஈரலைத் தனியாக எடுத்து, மிளகும் உப்பும் போட்டு வதக்கி, வாழை இலைக் கிழிசலில் வைத்து எனக்கு மட்டும் கொடுப்பாள். அக்காவுக்குக்கூடக் கிடையாது. (அதுவே தனிக் கட்டுரைக்கான அநீதி.) அம்மாவுக்கு எலும்பும் குழம்பும்தான் மிஞ்சும். எங்கள் பக்கத்தில் 'கறி' என்றாலே ஆட்டுக்கறிதான். யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் 'மரக்கறி' என்று சொன்னபோது முதலில் எனக்குப் புரியவில்லை. மரத்தில் எப்படிக் கறி காய்க்கும்?

ஆகவே தட்டில் வைத்த கறியை என் மகள் விரலால் ஒதுக்குவதைப் பார்க்கும்போது, ஒரு உணவுப் பொருளை ஒதுக்குகிறாள் என்று எனக்குத் தோன்றுவதில்லை. அம்மாவின் வாழை இலைக் கிழிசலை ஒதுக்குகிறாள் என்று தோன்றும். இது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் எனக்குத் தோன்றும்.

*

பிறகு அந்த ரிப்போர்ட் வந்தது. அடிக்கடி சோர்ந்து படுக்கிறாளே என்று ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 9.9. ஐந்து முதல் பதினொரு வயதுவரை 11.5க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். டாக்டர் பதற்றப்படவில்லை. இரும்புச் சத்து சிரப் எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால் என்று கேட்டார். நான்கு என்றோம். பாதியாகக் குறைக்கச் சொன்னார். பாலில் இரும்பு மிகக் குறைவு, அது வயிற்றை நிரப்பி மற்ற சாப்பாட்டின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது, போதாததற்கு உணவில் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவதற்கும் குறுக்கே நிற்கிறது என்றார். சாப்பிடவே மாட்டேன் என்கிற குழந்தைக்கு 'பாலாவது குடிக்கட்டும்' என்று நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த பாலே பிரச்சினையின் பாதியாக இருந்திருக்கிறது.

ஊருக்கு போன் போட்டேன். அம்மா சொன்னாள்: "ரத்தமில்லாத புள்ளைக்குத் தயிரையும் பருப்பையும் ஊத்திக்கிட்டு இருக்கீக. சுவரொட்டிய வாங்கி மிளகு போட்டு வதக்கிக் குடு. பத்து நாள்ல தெளிஞ்சிரும்."

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். அம்மா சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. மாமிசத்தில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி 'ஹீம்' வடிவில் இருப்பதால், கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பைவிட உடல் அதை எளிதாக எடுத்துக்கொள்ளும். ஆனால் மண்ணீரலை என் மகள் வாய்க்குள் கொண்டுபோவதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. அக்காதான் யோசனை சொன்னாள். "பருப்பு உருண்டை திங்கிறால்ல? அதுக்குள்ள கொத்துக்கறிய அரைச்சு விட்ரு. எம் மகனுக்கு நான் கீரைய அப்படித்தான் குடுத்தேன்."

என் மனைவிக்கு இரண்டாவது வாரம்தான் தெரியும். "எனக்குப் பிடிக்கல" என்றாள். பிறகு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஆனா வேணாம்னு சொல்லவும் தைரியம் இல்ல" என்றாள்.

*

கோடை விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அக்கா மகனுக்கு ஒன்பது வயது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, என் மகள் கறிக்குழம்பு வாளியைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். அவன் கடுப்பில் சொன்னான்: "ரொம்பப் பண்ணாத. நீயுந்தான் கறி திங்கிற. மாமா உருண்டைக்குள்ள வச்சுத் தர்றாரே."

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். "நிஜமாப்பா?"

நான் சொன்னேன், "சும்மா வெளையாட்டுக்குச் சொல்றான்டா."

அந்த ஒரு நொடியில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூன்று வாரமாக நான் அவளிடம் நேரடியாகப் பொய் சொல்லவில்லை என்று ஒரு வசதியான எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. 'பருப்பு உருண்டை' என்று சொன்னேன், பருப்பும் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டாள். சொல்லவில்லை. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் ஒரு தயக்கமும் இல்லாமல், அன்பான குரலில், 'டா' போட்டு வந்தது.

அன்று இரவு மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது உண்மையைச் சொன்னேன். "உனக்கு ரத்தம் கம்மியா இருந்துச்சு, அப்பா பயந்துட்டேன்." அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள், "எத்தன உருண்டை?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். இருபதுக்கு மேல் வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சென்னை திரும்பிய பிறகு அவள் பிரித்துப் பார்க்க முடிகிற உணவை மட்டும் சாப்பிட்டாள். அவளே உரித்த வாழைப்பழம். வெறும் சோறு, தயிர். தோசையைக் கிழித்து மோந்து பார்ப்பாள். உருண்டையாக இருக்கும் எதையும் தொட மாட்டாள். லட்டுகூட. பதினான்கு வரிசைப் பட்டியல் ஏழாகியது. "நீ முதல்ல சாப்பிட்டுக் காட்டு" என்பாள். இரண்டு நாளில் அவளே அந்தச் சோதனையின் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். "நீதான் கறி சாப்பிடுவியே. நீ சாப்பிட்டா எப்படித் தெரியும்?"

மூன்றாவது நாள் சொன்னாள்: "நான் கீழ்வீட்டுப் பாட்டி வீட்டுல சாப்பிட்டுக்கறேன். அவங்க வீட்டுலதான் கறியே கிடையாதே."

*

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

சென்னையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்று போர்டே தொங்கும். போர்டு இல்லாத இடத்தில் போனில் கேட்பார்கள். "சார், நீங்க வெஜ்ஜா?" அந்தக் கேள்விக்கும் சமையலறைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். 2014இல் கல்யாணம் முடிந்து வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ்வரை பேசிவிட்டு, அம்மா ஊரிலிருந்து வந்து போவாங்களா, என்ன சமைப்பாங்க என்று விசாரித்துவிட்டு, "வேற பார்ட்டி முடிஞ்சிருச்சு" என்றார். தமிழில் உணவுக்கு வாய்த்திருக்கும் சொற்களையே பாருங்கள். சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். காய்கறி சாப்பிடுகிறவருக்கு அந்தச் சமயத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு, நம் எல்லாருக்கும் ஒரு 'அ' போட்டு எதிர்மறையாக்கி வைத்திருக்கிறோம். நான் சாப்பிடுவது எதுவோ அதற்கு என் மொழியின் பொதுவழக்கில் சொந்தமாக ஒரு பெயரில்லை. எது இல்லையோ அதுதான் அதன் பெயர்.

கீழ்வீட்டுப் பாட்டி நல்லவர். உண்மையிலேயே நல்லவர். என் மகளுக்கு அவர் வீட்டுச் சேமியா பாயசம் பிடிக்கும். அவள் கறி தொடமாட்டாள் என்று தெரிந்த நாளில் அவர் பூரித்துப்போய்ச் சொன்னார்: "இவ எங்காத்துல பொறந்திருக்க வேண்டியவ."

வாழ்த்தாகத்தான் சொன்னார். நான் சிரித்தேன். மாடிப்படி ஏறும்போது காது சூடாக இருந்தது. அவர் அந்த வாக்கியத்தில் என் மகளை உயர்த்தி, அதே மூச்சில் அவள் பிறந்த வீட்டைக் கீழே வைத்தார்.

ஆகவே உண்மையைச் சொல்வதென்றால், உருண்டைக்குள் நான் வைத்தது இரும்புச் சத்து மட்டும் இல்லை. 9.9 என்ற எண் எனக்கு ஒரு நல்ல சாக்காகவும் இருந்தது. இவள் எங்கள் வீட்டுப் பிள்ளைதான், இவள் நாக்கிலும் எங்கள் உப்பு இருக்கிறது என்று யாருக்கோ நிரூபிக்கிற ஆசையும் உள்ளே இருந்தது. "இன்னொண்ணு" என்று அவள் கேட்டபோது வந்த நிம்மதியில் மருத்துவம் எவ்வளவு, இது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அதன் விளைவைப் பாருங்கள். கறி இல்லாத வீடுதான் பத்திரமான வீடு என்ற முடிவுக்கு என் மகள் வந்துவிட்டாள். எந்தப் பாடத்தை அவள் ஒருபோதும் கற்கக் கூடாது என்று நான் பயந்தேனோ, அதை என் கையாலேயே பிசைந்து ஊட்டியிருக்கிறேன். பாட்டியின் ஒரு வாக்கியம் செய்யாததை என் இருபது உருண்டைகள் செய்தன.

*

சரி, தத்துவத்துக்கு வருவோம். நான் செய்தது தவறா?

எனக்காக வாதாடும் வக்கீல் முதலில் இப்படிச் சொல்வான். அவளுக்கு மறுப்பதற்குக் காரணம் இல்லை. நோன்பு இல்லை, கொள்கை இல்லை, ஒவ்வாமை இல்லை. வெறும் 'பிடிக்கவில்லை'. ஒரு சமண நண்பருக்குத் தெரியாமல் கறி கொடுத்தால் அது கொடுமை, ஏனென்றால் அவருடைய நம்பிக்கையை உடைக்கிறோம். இவளிடம் உடைப்பதற்கு என்ன இருக்கிறது?

இந்த வாதம் வலுவானது. ஏனென்றால் நாம் எல்லாரும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். காரணம் உள்ள மறுப்புக்கு மரியாதை தருகிறோம். காரணம் இல்லாததை 'அடம்' என்கிறோம். காண்ட் 1785இல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருவார். வியாபாரம் கெடக்கூடாது என்பதற்காகக் குழந்தைகளை ஏமாற்றாமல் சரியான விலைக்கு விற்பவர். அவர் செய்வது சரியான செயல்தான், ஆனால் அதில் அறமதிப்பு இல்லை என்பார் காண்ட், ஏனென்றால் அது கடமையிலிருந்து வரவில்லை. அதே அளவுகோலில் என் மகளின் சைவத்துக்கும் மதிப்பு பூஜ்யம். பாட்டியின் வாழ்த்து செல்லாது.

ஆனால் இதை என் மீதே திருப்பிப் பார்த்தேன். நான் பாம்பு சாப்பிடுவேனா? மாட்டேன். நாய்? மாட்டேன். காரணம்? பால் ரோஸின் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. கிருமி நீக்கம் செய்த ஒரு கரப்பான்பூச்சியைப் பழச்சாறில் முக்கி எடுத்துவிட்டு அதைக் குடிக்க எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். சுத்தமானது, ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும் படித்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களிடமும் காரணம் இல்லை. ஆனால் யாராவது அவர்களுக்குத் தெரியாமல் அந்தச் சாற்றைக் குடிக்க வைத்து, 'உங்களிடம் நல்ல காரணம் இல்லை, அதனால் தப்பில்லை' என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? அடிக்கத்தான் போவோம்.

ஆக, என் உடம்புக்குள் எது போகலாம் என்பதில் என் 'வேண்டாம்' செல்லுபடியாவதற்கு நான் காரணம் காட்டத் தேவையில்லை. பெரியவர்களுக்கு இதை நாம் கேள்வியே இல்லாமல் கொடுத்துவிடுகிறோம். என் காரணமற்ற அருவருப்புக்குப் பெயர் பண்பாடு. அவளுடையதற்குப் பெயர் அடம். வித்தியாசம் உயரத்தில் மட்டும்தான் இருக்கிறது.

வக்கீல் விடமாட்டான். குழந்தைதானே? தடுப்பூசிக்கு அவளிடம் அனுமதி கேட்டாயா?

கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் தடுப்பூசி போடும்போது அவளுக்கு அது ஊசி என்று தெரியும். அழுவாள், திமிறுவாள், என்னைத் திட்டுவாள். பத்து நிமிஷம் கழித்து என் தோளிலேயே சாய்ந்து தூங்குவாள். அங்கே நான் அவளை மீறுகிறேன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்து மீறுகிறேன். எதிர்க்க அவளுக்கு ஒரு ஆள் இருக்கிறது. உருண்டையில் நான் செய்தது வேறு. அங்கே அவளோடு சண்டையே நடக்கவில்லை, ஏனென்றால் சண்டை போடும் இடத்திலிருந்தே அவளை நீக்கிவிட்டேன். அவள் 'இன்னொண்ணு' என்று கேட்டாளே, அது அவள் விருப்பம்போல ஒலித்தது. நான் எழுதிக்கொடுத்த வசனம் அது.

அப்படியானால் கீரையை அரைத்துத் தோசை மாவில் கலப்பதும் பொய்யா? உலகத்தில் பாதி அம்மாக்களை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. எனக்கு ஒரு சின்னச் சோதனை பிடிபட்டது. பிறகு ஒருநாள் 'அதுக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா?' என்று சொன்னால் அவள் சிரிப்பாளா? கேரட் என்றால் "அய்யே" என்று சொல்லிச் சிரிப்பாள். கறி என்றால் சிரிக்க மாட்டாள் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் சோம்பு தூக்கலாகப் போட்டேன். எதை மறைக்க நான் மசாலா சேர்த்தேனோ அதுவே என் குற்றப்பத்திரிகை.

*

கறியும் பொய்யும் என்றதும் காந்தி நினைவுக்கு வருவார். பள்ளி வயதில் நண்பனோடு சேர்ந்து ரகசியமாக ஆட்டுக்கறி சாப்பிட்டதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முதல் நாள் இரவு வயிற்றுக்குள் ஆடு உயிரோடு கத்துவதுபோல் இருந்ததாம். ஆனால் அவர் நிறுத்தியது ஆட்டுக்காக இல்லை. கறி சாப்பிட்டுவிட்டு வந்த நாட்களில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் 'பசியில்லை' என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது. அது தாங்கவில்லை. கறி சாப்பிடுவது தேவையாகவே இருக்கலாம், ஆனால் பெற்றோரிடம் பொய் சொல்வது அதைவிட மோசம் என்று முடிவெடுத்தார். பிறகு லண்டனில் ஹென்றி சால்ட்டின் புத்தகத்தை வாசித்த பிறகுதான் சைவம் அவருடைய சொந்தத் தேர்வானது.

அதே காந்தி அப்பாவான பிறகு நடந்த ஒன்றும் அதே நூலில் இருக்கிறது. பத்து வயது மகன் மணிலால் டைஃபாய்டில் கிடக்கிறான், கூடவே நிமோனியா. பார்சி டாக்டர் முட்டையும் கோழி சூப்பும் கொடுக்கச் சொல்கிறார். காந்தி மறுக்கிறார். மகனிடம் கேட்கிறார். மகன் முட்டையும் சூப்பும் வேண்டாம், உங்கள் நீர் சிகிச்சையையே செய்யுங்கள் என்கிறான். காந்திக்குச் சந்தோஷம். ஆனால் உடனே இதையும் ஒப்புக்கொள்கிறார்: நான் கொடுத்திருந்தால் அவன் சாப்பிட்டிருப்பான்.

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் ரகசியமாகக் கறி கொடுத்தேன். அவர் வெளிப்படையாகக் கறியை மறுத்தார். அவர் பொய் சொல்லவில்லை, அந்த வகையில் என்னைவிடப் பல படி மேலே. ஆனால் இருவருக்கும் முன்னால் ஒரு நோயாளிப் பிள்ளை இருந்தது. இருவருமே அந்தப் பிள்ளையின் தட்டில் நம் கொள்கையைப் பரிமாறினோம். மணிலால் பிழைத்துக்கொண்டார். பிழைக்காமல் போயிருந்தால் அந்த அத்தியாயத்தை நாம் எப்படி வாசித்திருப்போம்?

*

எந்தப் பக்கம் போவது என்று தேடியபோது கிளாரா டேவிஸ் கிடைத்தார். 1920களின் இறுதியிலும் முப்பதுகளிலும் அமெரிக்காவில் தாய்ப்பால் மறந்த பதினைந்து குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்த குழந்தை மருத்துவர். முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைப்பார்கள். குழந்தை கைகாட்டினால் மட்டும் நர்ஸ் ஊட்டலாம். 'இதைச் சாப்பிடேன்' என்று தூண்டக் கூடாது. குழந்தைகள் விசித்திரமாகச் சாப்பிட்டார்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். ஆனால் நன்றாக வளர்ந்தார்கள். ரிக்கெட்ஸ் இருந்த ஒரு குழந்தை காட் லிவர் எண்ணெயை அதுவாகவே குடித்து, குணமானதும் விட்டுவிட்டது.

'குழந்தைக்கே எல்லாம் தெரியும்' என்று இதைச் சொல்லித் திரிபவர்கள் உண்டு. டேவிஸே அதை மறுத்திருக்கிறார். சூட்சுமம் பட்டியலில்தான் இருக்கிறது என்றார். கிண்ணங்களில் சர்க்கரையோ பிஸ்கட்டோ இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் நல்லது மட்டுமே இருந்தது. அதாவது பெரியவர் வேலை பட்டியல் போடுவது, குழந்தையின் வேலை அதிலிருந்து எடுப்பது. அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் பின்னாளில் இதைப் பொறுப்புப் பிரிவினையாகவே சொன்னார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் கையில். சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை கையில்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. என் வேலையே எல்லை பிரிப்பதுதான். எந்த மாட்யூல் எதற்குப் பொறுப்பு, யார் யாருடைய டேட்டாவைத் தொடக் கூடாது என்று தினமும் ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். வீட்டில் அடுத்தவள் எல்லைக்குள் நேராகக் கையை விட்டிருக்கிறேன்.

ஆகவே கிண்ணங்களை மாற்றினோம். எல்லாம் பிரித்துப் பார்க்க முடிகிற மாதிரி. கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், கடைசியில் அவளே எலுமிச்சை பிழிவாள். வைட்டமின் சி இருந்தால் பயறில் உள்ள இரும்பு இன்னும் நன்றாக உடம்பில் சேரும் என்பதற்காக நான் வைத்த ஏற்பாடு அது, ஆனால் காரணத்தை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன். பாசிப்பயறை அவள் கண்ணெதிரே ஊறவைத்து, அவளே மிக்ஸி பட்டனை அழுத்தி ஊற்றிய பச்சைத் தோசை. கேழ்வரகுப் புட்டு. வேர்க்கடலைத் துவையல். பருப்புப் பொடி, நெய், சோறு. சோற்றில் குறையும் லைசின் பருப்பில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்தவர்களுக்கு அமினோ அமிலம் என்ற சொல் தெரியாது. பாலும் தயிரும் அளவாக உண்டு, ஏனென்றால் பி12 தாவரங்களிலிருந்து வராது. ஒருமுறை புரதம் அதிகம் என்று மீல் மேக்கர் வாங்கிவந்தேன். ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்து, "இது கறி மாதிரியே நார் நாரா இருக்கு" என்று தள்ளிவிட்டாள். கறியே வேண்டாம் என்கிறவளிடம் கறியைப்போல் நடிப்பதைக் கொண்டுபோனது என் முட்டாள்தனம்.

எள்ளுருண்டைதான் திருப்பம். எள், வெல்லம் இரண்டையும் இடித்து, அவளே உருட்டினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் உள்ளே வைத்தவள் அவள். நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் போன முதல் உருண்டை.

*

ஃப்ரிட்ஜில் ரிப்போர்ட் இருந்த இடத்தில் இப்போது ஒரு தாள் இருக்கிறது. அவள் கையெழுத்து, என் எழுத்துப்பிழைத் திருத்தங்கள். ஒன்று: என்ன இருக்கு என்று கேட்டால் நிஜம் சொல்லணும். இரண்டு: வேணாம்னு சொன்னா ஒரு தடவைக்கு மேல் கேக்கக் கூடாது. மூன்று: புதுசா ஒண்ணு தட்டு ஓரத்துல இருக்கலாம், சாப்பிடணும்னு இல்ல. நான்காவது மட்டும் நான் கேட்டு வாங்கியது: யார் தட்டையும் பார்த்து 'ச்சீ' சொல்லக் கூடாது, மூக்கைப் பொத்தக் கூடாது.

நான்காவதுக்காக நாங்கள் ரொம்ப நேரம் பேசினோம். "எனக்கு நாத்தம் அடிக்குதே" என்றாள். அடிக்கட்டும், எழுந்து பால்கனிக்குப் போ. 'எனக்கு வேணாம்' என்பது உன்னைப் பற்றிய பேச்சு. அதைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை. 'ச்சீ' என்பது சாப்பிடுகிறவரைப் பற்றிய பேச்சு. ஏழு வயதுக்கு இது எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் எனக்கு இது முக்கியம். ரோஸினே பின்னாளில் எழுதியிருக்கிறார், விருப்பம் என்பது மெல்ல மெல்ல அறமாக மாறும் என்று. அற காரணத்துக்காகக் கறியை விட்டவர்களுக்கு, உடல்நலத்துக்காக விட்டவர்களைவிட அதன் மேல் அருவருப்பு அதிகம் என்று அவர் குழு கண்டது. ஒரு நாக்கின் கூச்சம் கொள்கையாகி, கொள்கை வாசலில் தொங்கும் போர்டாக மாறும் பாதையில் எங்கோ இந்த 'ச்சீ' இருக்கிறது. அவள் பின்னாளில் ஆட்டுக்காகவே கறி மறுக்கலாம். நல்ல காரணம் அது, என்னைவிட நல்ல மனுஷியாக அவள் ஆகக்கூடும். திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஒரு அதிகாரமே இருக்கிறது, என்னால் அதற்குப் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஆனால் அந்த இடத்துக்கு அவள் ஆட்டின் வழியாகப் போகட்டும். மனிதர்களைக் கீழே வைத்து, அதன் மேல் ஏறிப் போக வேண்டாம்.

பாட்டி வீட்டில் இன்னமும் சாப்பிடுகிறாள். தடுக்கவில்லை. பாயசம் நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசியாக எடுத்த பரிசோதனையில் 11.3. இன்னும் கொஞ்சம் போக வேண்டும். சிரப் செய்ததா, சுண்டல் செய்ததா, பால் குறைத்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். மோசமான டீபக்கிங்.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தோம். அம்மா பேத்திக்காகத் தனி அடுப்பில், தனிக் கரண்டியில் பருப்பு உருண்டைக் குழம்பு வைத்திருந்தாள். நடந்ததெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். என்மேல் கோபமும் உண்டு. கறி கொடுத்ததற்கு இல்லை, மாட்டிக்கொண்டதற்கு. உருண்டையைப் பார்த்ததும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இதுல என்ன இருக்கு?"

நான் சமையலறைப் பக்கமே போகவில்லை. "எனக்குத் தெரியாதுடா. அப்பத்தாகிட்டக் கேளு."

அம்மாவின் முகம் மாறியது. தன் கைச்சோற்றை ஒரு பிள்ளை சந்தேகப்படுவதை அவள் இதுவரை பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒரு உருண்டையை எடுத்துத் தட்டில் வைத்து விரலால் பிட்டு, உடைந்த பக்கத்தை அவளுக்குக் காட்டினாள். "கடலைப்பருப்பு, தொவரம்பருப்பு. இந்தா, இது வெங்காயம். இது சோம்பு. கருவேப்பில. உப்பு. அம்புட்டுதேன் தாயி."

மகள் குனிந்து மோந்து பார்த்தாள். பாதியைச் சாப்பிட்டாள். மீதிப் பாதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.